ஓட்டை இல்லாத ஒரு பல்

நவம்பர் 6

சின்னவளுக்கு,

நீ அனுப்பிய பார்சல் திரும்பி வந்திருக்கும். மேலே "பெற மறுத்தார்" என்று சிவப்பு முத்திரை இருக்கும். வேறு யாரோ குத்தினார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. நான்தான் குத்தினேன். தபால் பிரிக்கும் அறையில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன். ஆயிரம் பார்சலுக்கு நடுவிலும் உன்னுடையதை என் மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஆரஞ்சு வாசனை, புதினா வாசனை. பக்கத்து மேசைக்காரி முகர்ந்து பார்த்துவிட்டு, "யாரோ குடுத்து வச்சவங்க" என்றாள். அந்தக் கொடுத்து வைத்தவள் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

போனில் பேசலாம்தான். பேசினால் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நடு ஆண்டு விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரும் உன் மிட்டாய்ப் பட்டறையில் மூன்று வாரம் இருந்தார்கள். திரும்பி வந்து இரண்டு மாதத்தில் வாலுவுக்குக் கன்னம் வீங்கியது. ஏழு வயசுப் பிள்ளை, ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பல் டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பால்பல் ஒன்றைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்றார். ஊசி போடும்போது அவள் பிடித்த பிடியில் என் சட்டைக் கை கிழிந்துவிட்டது. அந்த இடத்தில் புதுப் பல் முளைக்க இன்னும் மூன்று வருஷம் ஆகுமாம். சின்னவன் உருண்டைக்கு நாலு வயசுதான். அவனுக்கும் இரண்டு பல்லில் சொத்தை. அடைத்திருக்கிறது.

"யாரும்மா உனக்கு இவ்ளோ மிட்டாய் குடுத்தது?" என்று டாக்டரம்மா வாலுவைக் கேட்டார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, அவ்வளவு பெருமையாக, "எங்க அத்தை!" என்கிறாள் இவள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதனால் ஆண்டுக் கடைசி விடுமுறைக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள். உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போல, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க" என்று செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

இப்படிக்கு,
அண்ணி

*

நவம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

முத்திரை கிடைத்தது. நன்றாகவே பதிந்திருந்தது.

ஒரே ஒரு கேள்வி. பார்சலைப் பிரித்துப் பார்த்தீர்களா? அதில் மருந்துக்குக்கூட ஒரு மிட்டாய் இல்லை. முயல் காது வைத்த இரண்டு மழைக்கோட்டு, அவ்வளவுதான். என் பட்டறையில் மேசை, கதவுப்பிடி, என் தலைமுடி எல்லாமே ஆரஞ்சு வாசனைதான். நானே நேரில் வந்து நின்றாலும் நெற்றியில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறது.

மேலே இருப்பதை எழுதிவிட்டு ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கோபத்தில் எழுதியதுதான். இருந்தாலும் அடிக்கவில்லை. கோபமும் என்னுடையதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணி, பல் பிடுங்கிய விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணன் வாரம் ஒரு தடவை பேசுவான். "எல்லாரும் சௌக்கியம். அங்க மழை எப்படி?" இதோடு முடிந்துவிடும். வாலுவுக்கு எந்தப் பக்கப் பல்? வலதா, இடதா? தெரிந்துகொண்டு நான் என்ன செய்துவிடப் போகிறேன். ஆனாலும் சொல்லுங்கள்.

நான் செய்ததை ஒளிக்கவில்லை. பாகு கொதிக்கிற சட்டிப் பக்கம் பிள்ளைகள் ஓடி வந்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஒரு சொட்டு கையில் பட்டால் தோலோடுதான் வரும். அதற்குப் பயந்து, ஆளுக்கு ஒரு மிட்டாயை வாயில் போட்டு, ஆறவைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். அது கரைந்ததும் இன்னொன்று. வாயில் மிட்டாய் இருக்கும்வரை இரண்டும் அசையாது. கை வேகாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பல் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்களைக் கூப்பிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். எண்ணெய்க் கையில் வழுக்கி, மேசையில் ஊற்றி வைத்திருந்த பாகில் விழுந்துவிட்டது. இப்போது சிவப்பு மிட்டாய்க்குள் ஒரு போன் இருக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சீசன் முடிகிறவரை புதிது வாங்க நேரமில்லை. திட்டுவதென்றாலும் நீங்கள் எழுதித்தான் திட்டியாக வேண்டும்.

பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் டிசம்பர் வந்தால் நான் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். அதை யார் தடுக்க முடியும்?

அன்புடன்,
பட்டறைக்காரி

*

நவம்பர் 21

சின்னவளே,

இடது பக்கம்.

மழைக்கோட்டு விஷயத்தில் நான் செய்தது தப்பு. முகர்ந்து பார்த்து முத்திரை குத்தச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. முடிந்தால் மறுபடி அனுப்பு. இங்கே நல்ல மழை. உருண்டை ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

இதோடு முடித்து, உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். அப்புறம் நானே பிரித்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒட்டின உறையை நான் பிரித்தது இதுதான் முதல் தடவை.

விசேஷம் இல்லை என்று எழுதியது பொய். நேற்று உருண்டையின் அடைப்பைக் காட்டப் போனோம். டாக்டரம்மா இந்தத் தடவை பிள்ளைகளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காலையிலேருந்து படுக்கிற வரைக்கும் இவன் வாயில என்னென்ன போகுதுன்னு வரிசையா சொல்லுங்க."

சொன்னேன். பள்ளி விட்டதும் இரண்டு பேரும் என் வேலை முடிகிறவரை தபால் அறையின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். மூட்டை ஏற்றின தள்ளுவண்டிகள் ஓடுகிற இடம். உருண்டை எழுந்து ஓடக்கூடாது என்று ஒரு பாட்டில் பழச்சாறு கையில் கொடுத்துவிடுவேன். இரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருப்பான். படுக்கும்போது சர்க்கரை போட்ட பால், அதுவும் பாட்டிலில். குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான்.

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "எவ்ளோ இனிப்புங்கிறத விட எத்தனை தடவைங்கிறதுதாங்க முக்கியம். இனிப்பு உள்ள போனா வாயில இருக்கிற கிருமி அதைத் தின்னு புளிப்பாக்கிடும். அந்தப் புளிப்புதான் பல்லை அரிக்குது. கொஞ்ச நேரம் வாயைச் சும்மா விட்டா எச்சில் வந்து சரி பண்ணிடும். நீங்க சும்மாவே விடலையே! தூங்கும்போது எச்சிலும் கம்மி. அப்ப பால் பாட்டில் வாயிலயே இருந்தா?"

"இவங்க அத்தை வீட்டுல மூணு வாரம்..." என்று நான் இழுத்தேன்.

"மூணு வாரத்துல பல் இந்த அளவுக்குப் போகாதுங்க. அது ரொம்ப நாளா நடந்த வேலை. அத்தை முடிச்சு வச்சிருக்கலாம். ஆரம்பிச்சது வீட்டுலதான்."

வாலு பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆரம்பிச்சது நீதானாம்மா" என்று எனக்கு விளக்கம் வேறு சொல்கிறாள்.

நீ சட்டிக்குப் பயந்தாய், நான் வண்டிக்குப் பயந்தேன். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். பழி மட்டும் முழுசாக உன் தலையில் விழுந்தது. இதை எழுதாமல் உறையை ஒட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

*

நவம்பர் 28

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒட்டின உறையைப் பிரித்ததற்கு உங்கள் வேலை போகாமல் இருக்க வேண்டும்.

எங்கள் தெருமுனையில் ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. இருபது வருஷமாக அதைத் தாண்டித்தான் சர்க்கரை மூட்டை வாங்கப் போகிறேன். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை போனேன். பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு வருவதுதான் திட்டம். டாக்டர் இளவயசுப் பையன், ரொம்ப மரியாதை. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். உடனே, "கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார். அதற்கப்புறம் என்னை மூட விடவில்லை.

ஒவ்வொரு பாகையும் ருசி பார்த்துத்தானே அண்ணி இறக்குகிறேன்? ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இருக்கும். அஞ்சு பல் அடைக்க வேண்டுமாம். ஒன்றுக்கு வேர் வரை போய்ச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அந்த ஊசியைப் பார்த்ததுமே எனக்கு நாளை ஆயிரம் வேலை இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வரவில்லை. உருண்டைக்குக் கெட்டி மிட்டாய் கூடவே கூடாது. பல்லுக்காக மட்டும் இல்லை, நாலு வயசுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்றார். போன தடவை நான் எத்தனை கொடுத்தேன் என்று எண்ணவே பயமாக இருக்கிறது. அவனுக்கு வாயில் வைத்ததும் கரைகிற சாக்லேட் ஒரு துண்டு போதும். வாலுவுக்கு ஒன்றோ இரண்டோ மிட்டாய். எதுவானாலும் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவை, அதோடு சரி. அப்புறம் தண்ணீர். நடுநடுவே பசித்தால் காரட், வெள்ளரிக்காய், சீஸ் துண்டு. கடலை வாலுவுக்கு மட்டும், உருண்டைக்கு வேண்டாம். படுக்கும் முன்னால் பிரஷ். பட்டாணி அளவு பேஸ்ட், நாமேதான் தேய்த்துவிட வேண்டும்.

சட்டிப் பக்கம் வராமல் இருக்க வேறு வழியும் கண்டுபிடித்துவிட்டேன். முன்னறையில் ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறேன். பெட்டிகளுக்கு வண்ணக் காகிதம் ஒட்டுகிற வேலை. நடுவில் இடுப்புயரத்துக்குக் கதவு ஒன்று அடித்தாகிவிட்டது.

இவ்வளவும் செய்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். அனுப்புவீர்களா, அண்ணி?

*

டிசம்பர் 6

சின்னவளே,

பதினெட்டாம் தேதி உன் அண்ணன் கொண்டுவந்து விடுவார். பத்து நாள். எனக்கு ஆண்டுக் கடைசியில் மூட்டை மூட்டையாகத் தபால் வரும், லீவு கிடைக்காது.

பழச்சாறு பாட்டிலை நிறுத்திவிட்டேன். முதல் மூன்று நாள் உருண்டை என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் பக்கத்து மேசைக்காரியிடம், "இதுல ஒண்ணுமே இல்ல, பாருங்க" என்று என்மேல் புகார் கொடுத்தான். அவள் இப்போது என்னைக் கொடுமைக்காரி மாதிரி பார்க்கிறாள்.

வாலு பிரஷ் பண்ணிவிட்டேன் என்று வந்து நிற்பாள். நம்பாதே. பிரஷைத் தொட்டுப் பார். அதை மட்டும் நனைத்துவிட்டு வருவதும் உண்டு. வாயை ஊதச் சொல்.

என் பிள்ளைகளை நம்பித்தான் அனுப்புகிறேன். அவர்களை இல்லை, உன்னை.

அண்ணி

*

டிசம்பர் 21

அன்புள்ள அண்ணி,

நேற்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விடுமுறையின் முதல் சனிக்கிழமை தெருப் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கை மிட்டாய் கொடுப்பது என் வழக்கம், உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். வாலுவிடம் கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "குடு அத்தை. ஆனா நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தக் குரல் அப்படியே உங்கள் குரல். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

இருபத்தேழு பிள்ளைகள். வாசலில் வாலு, கையில் மாவுக் கரண்டி. "ஆளுக்கு ரெண்டுதான். பையில போட்டு வச்சு நாள் பூரா சப்பக் கூடாது. இங்கயே உக்காந்து சாப்பிடணும். சாப்ட்டதும் கொப்பளிக்கணும்." ஒரு பெரிய பையன் எதற்கு என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான், வாயை ஆ என்று திறந்து பல் போன ஓட்டையைக் காட்டினாள். "இதுக்குத்தான். ஊசி இவ்ளோ நீளம்." கையால் காட்டிய நீளத்துக்கு யானைக்குத்தான் ஊசி போடலாம். அந்தப் பெரிய பையன்தான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான்.

பின்பக்கச் சாக்கடை ஓரமாக இருபத்தேழு பேரும் வரிசையாக நின்று கொப்பளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் யார் அதிக தூரம் துப்புவது என்று போட்டியாகிவிட்டது. உருண்டை தன் சட்டையிலேயே துப்பிக்கொண்டு, "நான்தான் ஃபர்ஸ்ட்!" என்று குதித்தான். அம்மாக்கள் தேடிக்கொண்டு வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். ஒரு அம்மா என்னிடம், "மிட்டாய்க்காரம்மா, இது என்ன புதுசா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷம் மிட்டாய் கொடுத்ததில் இவ்வளவு சத்தமும் சந்தோஷமும் நான் பார்த்ததே இல்லை.

ஒரு குற்றம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உருண்டை சாக்லேட் துண்டு ஒன்றைக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தான். எறும்புதான் காட்டிக் கொடுத்தது. காலுறையை நனைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள்,
பட்டறைக்காரி

*

டிசம்பர் 23, காலை

அண்ணி,

பதறாதீர்கள். வாலுவுக்கு ஒரு பல் போய்விட்டது. முன்பல். என் வீட்டில், என் கண் முன்னால். மிட்டாய் இல்லை, சத்தியமாக இல்லை, காரட்தான் கடித்தாள். ரத்தம் வந்தது. மறுபடி பொருத்த முடியுமோ என்று பல்லை ஒரு தம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு இதோ டாக்டரிடம் ஓடுகிறேன். வழியில் இதைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

*

ஜனவரி 5

சின்னவளே,

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பத்து நாள் என்று அனுப்பியது பள்ளி திறக்கிறவரை நீண்டுவிட்டது. மூட்டையைப் பிரிக்கும் முன்னால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் சின்னக் கடிதம் மறுநாள் என் மேசைக்கு வந்தபோது மணி பதினொன்று. நின்றபடியே படித்தேன். லீவு இல்லை என்று சொன்ன அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போங்கம்மா, போங்க" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து உன்னிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு மணி நேர ஒத்திகை. நீ மத்தியானமே எழுதிப் போட்ட இரண்டாவது கடிதம், "சிரிக்காதீர்கள் அண்ணி, வயசுக்கு விழுகிற பல்லாம்" என்கிறது, நான் கிளம்பின பிறகுதான் வந்திருக்கிறது.

உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீ திறந்தாய். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் உருண்டையின் தாடை, அவன் வாய் நிறைய நுரை. "அண்ணி!" என்றாய். அதற்குள் வாலு ஓடி வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"அம்மா, தானா விழுந்துச்சு! டாக்டர் மாமா சொன்னாரு, இதுக்குப் பாலெல்லாம் வேணாமாம், அத்தைக்குத்தான் ஒரு தம்ளர் பால் குடுக்கணுமாம். பாரு, ஓட்டையே இல்ல!"

வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அரிசி மாதிரி வெள்ளை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. மாதக்கணக்காக இந்தப் பிள்ளைகளின் வாயைத் திறந்து கறுப்பையே தேடித் தேடிப் பார்த்தவள் நான். முழுப் பல் ஒன்று என் கையில் இருந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். உருண்டை எதற்கென்று தெரியாமலே நுரையோடு சிரித்து என் கைப்பை முழுக்கத் துப்பினான். ஆறு மணி நேர ஒத்திகை அதோடு போச்சு.

அப்புறம் அங்கே இருந்த நாளெல்லாம் உன் வீட்டில் யாருமே மெதுவாகப் பேசவில்லை என்றுதான் ஞாபகம்.

ஒன்று மட்டும். சாப்பிடும்போது நீ ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்தேன். சீசன் முடிந்துவிட்டது. பதினேழாம் தேதிக்கு உன் தெருமுனை டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கித்தான் பஸ் ஏறினேன், உனக்குச் சொல்லவில்லை. தப்பித்துவிடலாம் என்று பார்க்காதே. நானும் வருகிறேன்.

அண்ணி

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணி,

வீக்கம் வடிந்துவிட்டது. இன்று இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன். உங்கள் விரல் எப்படி இருக்கிறது? அந்த நாற்காலியில் நான் நசுக்கிய நசுக்கலில் உடைந்திருக்கும் என்றே நினைத்தேன். ஊசி உள்ளே போனபோது நீங்கள் என் காதில் அஞ்சல் எண்களை வரிசையாகச் சொன்னீர்களே, அது எதற்கு என்று இன்னும் புரியவில்லை. ஆனால் நாற்பதாவது எண் வந்தபோது வலி தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நர்ஸ் காகிதத்தோடு வந்து, "கூட வந்திருக்கறது யாரு?" என்று கேட்டாள் இல்லையா? நீங்கள் தலையைக்கூடத் தூக்காமல், என் செருப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டே, "அக்கா" என்றீர்கள். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கூடப்பிறந்தது அண்ணன் மட்டும்தான், அண்ணி. சின்ன வயசில் அக்கா வேண்டும் என்று அழுதிருக்கிறேன், அதற்கு யாரால் என்ன செய்ய முடியும்? அங்கேயே உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தபோது பாதி முகம் மரத்துப்போய் நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று நான் உளறியது உங்களுக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை. கை அசைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது வாய் நன்றாக இருக்கிறது. அதனால் திருத்தமாக எழுதுகிறேன்.

சரி, அக்கா.